ஆறு மணிக்கு முன் சில்லு நிற்க வேண்டும்: கொழும்பிலிருந்து வில்பத்து, வஸ்கமுவ வரை ட்ரெய்லர் பயணம்

கொழும்பிலிருந்து வில்பத்து தேசிய பூங்காவின் ஹுனுவில்கம வாசல் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வரைபடத்தைப் பார்த்தால், மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் புறப்பட்டாலும் பொழுதுபட முன் போய்ச் சேரலாம் போலிருக்கும். அந்தக் கணக்குத்தான் பிழைக்கிறது. பின்னால் கூடாரமும் சாமானும் ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு நெரிசலைத் தாண்டி, திறந்த வீதியிலும் 60ஐத் தாண்டாமல் போனால் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். புத்தளம் தாண்டிய பிறகு இருட்டினால் வீதி யானைக்குச் சொந்தம். கறுப்புத் தாரில் நிற்கிற யானை வாகன வெளிச்சத்தில் கடைசி நேரத்தில்தான் தெரியும். ட்ரெய்லர் கொழுவிய வாகனத்தை அந்த இடத்தில் பின்னுக்கு எடுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது.

ஆகவே மாலை ஆறு மணிக்கு முன் சில்லு நிற்க வேண்டும். கூடாரம் விரித்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்க இரண்டு மணி நேரமாவது தேவை. அப்படிப் பார்த்தால் நாலு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு பாரம் ஏற்றுவது, எந்த வழியால் போவது, என்ன சமைப்பது எல்லாம் இதை வைத்தே தீர்மானமாகும்.

இங்கே சொல்வது ஐந்து நாள் வட்டம்: கொழும்பு, புத்தளம், வில்பத்து, அநுராதபுரம், தம்புள்ளை, வஸ்கமுவ (இன்னொரு தேசிய பூங்கா), ஹசலக்க, கண்டி, கொழும்பு. இதே வட்டத்தைத் தலைகீழாகப் போகாதீர்கள். ஹசலக்கவுக்கும் ஹுன்னஸ்கிரியவுக்கும் இடையில் பதினெட்டு வளைவு இருக்கிறது. பாரத்தோடு அதில் ஏறினால் எஞ்சின் சூடாகும், நிறுத்தி ஆறவிடலாம். பாரத்தோடு இறங்கினால் பிறேக் சூடாகும், அதை ஆறவிட நிறுத்துவதற்கே பிறேக் வேண்டும்.

ட்ரெய்லர் தேவையா?

இரண்டு பேர் போவதென்றால் தேவையில்லை. கேடிஎச் (டொயோட்டா ஹைஏஸ்) வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டால் போதும், அல்லது டபிள் கேப்பின் மேல் கூரைக் கூடாரம். பிள்ளைகளோடு நாலைந்து பேர் என்றால்தான் ட்ரெய்லர் பயன்படும். தங்குமிடத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வாகனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போகலாம் என்பதே அதன் பெரிய வசதி. நுவரெலியா, எல்ல பக்கம் போகிற எண்ணமிருந்தால் ட்ரெய்லரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்குமுன் அதற்குரிய பதிவுப் புத்தகத்தையும் இலக்கத்தகட்டையும் பாருங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு ட்ரெய்லர் இழுக்க இடந்தருகிறதா என்று பாருங்கள். காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாய்ச்சொல் விபத்தன்று நிற்காது.

பாரமும் கொழுவும் இடமும்

ட்ரெய்லர் கவிழ்வதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம், பாரத்தைப் பிழையாக அடுக்குவது. நிரப்பிய ட்ரெய்லரின் மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொழுவும் குண்டின் மேல், அதாவது ட்ரெய்லரை மாட்டுவதற்கு வாகனத்தின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மேல், அழுத்த வேண்டும். மொத்தம் 600 கிலோ என்றால் முன்னால் 60 கிலோ. இதை அளக்கக் குளியலறைத் தராசு போதும். ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, கொழுவும் முனையைக் குண்டு நிற்கும் அதே உயரத்தில் ஒரு மரக்குற்றியால் தாங்கி, குற்றியைத் தராசின் மேல் வையுங்கள். 40 கிலோவுக்குக் கீழே காட்டினால் பின்பாரம் கூட. 60, 70 வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 90ஐத் தாண்டினால் உங்கள் வாகனத்தின் பின்புறம் அமுங்கி முன்சில்லின் பிடி குறையும், இரவில் வெளிச்சம் மரக்கிளையைத்தான் காட்டும்.

தண்ணீர்க் கான்களும் பற்றரியும் அச்சுக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் முன்னே இருக்கட்டும். பாய், தலையணை, உடுப்பு பின்னால் போகலாம். தண்ணீர் நாளுக்கு நாள் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் முழுவதையும் முன்னால் வைத்து 60 கிலோ சரிபார்த்தவர், மூன்றாம் நாள் வெறுங்கானோடு புறப்படும்போது பின்பாரம் கூடிய ட்ரெய்லரைத்தான் இழுக்கிறார். அச்சுக்கு மேலேயே வைத்தால் தண்ணீர் இருந்தாலும் தீர்ந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

அடுத்தது குண்டின் அளவு. சந்தையில் மூன்று அளவுகள் கலந்து கிடக்கின்றன: ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு அரைக்கால் கூடிய 47.6 மில்லிமீற்றர், 50 மில்லிமீற்றர், இரண்டு அங்குலமான 50.8. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு அங்குலக் கொழுவியை (குண்டைக் கவ்வும் ட்ரெய்லரின் முனை) சிறிய குண்டில் போட்டால் பூட்டியதுபோலக் காட்டும், ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் கழன்றுவிடும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், தடவிப் பாருங்கள். பூட்டியபின் ட்ரெய்லரின் முன்காலைச் சுற்றி உயர்த்துங்கள். வாகனத்தின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு சரி. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொழுவிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கொழுவி கழன்றால் முனை நிலத்தில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

வெளிச்சம் பற்றி ஒரே குறிப்பு. சிக்னல் போட்டால் ட்ரெய்லரின் எல்லா லைற்றும் மங்கலாகச் சேர்ந்து மினுங்குகிறதா? பல்ப்பை மாற்றிக் காசைத் தொலைக்காதீர்கள். பெரும்பாலும் எர்த் வயர்தான் துருப்பிடித்திருக்கும். கொழும்பின் உப்புக்காற்றில் ஆறு மாதம் நின்ற ட்ரெய்லரில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். சட்டத்தில் பெயின்ரைச் சுரண்டி, வயரைப் புதிதாக முறுக்கி, கிரீஸ் பூசுங்கள்.

பெயாரிங்கும் டயரும்

வீதியோரத்தில் நிற்கிற ட்ரெய்லர்களில் பல பெயாரிங் போனவை. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் ஒவ்வொரு சில்லையும் ஜாக்கால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்றால் தளர்வு. கையால் சுழற்றும்போது மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பெயாரிங்கை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றி, கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குக் கையோடு கொண்டுபோங்கள். அதன் விளிம்பில் பொறித்த இலக்கத்தைச் சொன்னால் போதும். ஒரு பக்கத்துக்குத் தேவையான உள், வெளி பெயாரிங், சீல், ஸ்பிளிற் பின் என்று ஒரு செற்றை மேலதிகமாக வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். நொச்சியாகமவில் ஞாயிற்றுக்கிழமை அதைத் தேடி அலைய வேண்டியிராது.

பூட்டும்போது சில்லைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு அடுத்த ஸ்பிளிற் பின் துளை வரும்வரை பின்னுக்குத் தளர்த்துங்கள். பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். முதல் 50 கிலோமீற்றரில், நீர்கொழும்பு தாண்டியதும், நிறுத்தி ஹப்பில் கைவையுங்கள். இளஞ்சூடு இருக்கலாம். ஐந்து விநாடி கைவைக்க முடியாத சூடென்றால் நட்டு இறுக்கம் கூட, அல்லது கிரீஸ் இல்லை.

ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள கடைசி நாலு இலக்கம் செய்த கிழமையும் வருடமும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. ஆறு வருடம் தாண்டியது, பொத்தான் பொத்தானாகப் பூ தெரிந்தாலும், இந்த வெயிலுக்கு உதவாது. புதிதாகச் செய்விக்கிறவர்கள் இழுக்கிற வாகனத்தின் சில்லே ட்ரெய்லருக்கும் பொருந்தும்படி ஹப்பைப் போடச் சொல்லுங்கள். அப்போது மேலதிகச் சில்லு இரண்டுக்கும் பொதுவாகிவிடும்.

முதல் நாள்

காலை நாலரைக்கு வெள்ளவத்தையில் புறப்பட்டால் ஏழு மணிக்குச் சிலாபம். ஐஸ்கட்டி அங்கே வாங்குங்கள். மீன்பிடி ஊர்களில் முழுக்கட்டி கிடைக்கும், கொழும்புக் கடைகளின் பை ஐஸைவிட இரண்டு மடங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். புத்தளத்தில் டீசல் நிரப்பி, டயர்க் காற்றுப் பார்த்து, மருந்துக்கடைச் சாமான் எல்லாம் முடித்துவிடுங்கள். கண்டி வரும்வரை, தமிழில் பேசிக் காரியம் பார்க்கக்கூடிய கடைசிப் பெரிய ஊரும் அதுதான். அதற்கப்பால் சிங்களம் தெரிந்த ஒருவர் கூட இருப்பது நல்லது. ட்ரெய்லர் இருந்தால் எரிபொருள் நாலில் ஒரு பங்கு கூடச் செலவாகும் என்று கணக்கு வையுங்கள்.

புத்தளத்திலிருந்து ஏ12 வீதியில் அநுராதபுரம் பக்கமாகப் போய், கலாஓயாவைத் தாண்டி, மரகஹவெவ சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் எட்டுக் கிலோமீற்றரில் ஹுனுவில்கம.

வழியில் ட்ரெய்லர் வாலாட்டினால் பிறேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேண்டாம். அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். 50க்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கும். அடங்கியபின் ஓரங்கட்டிப் பாரத்தை மாற்றி அடுக்குங்கள். அப்படியே தொடர்ந்து போனால் திரும்பவும் ஆடும். பின்னுக்கு எடுக்கும்போது கையை ஸ்டியரிங்கின் அடியில் பிடியுங்கள். கை போகிற பக்கம் ட்ரெய்லரின் பின்புறம் போகும். இதைக் காலிமுகத்திடலில் பழகப் போகாமல், ஞாயிறு காலையில் வெறுமையான ஒரு மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகுங்கள்.

பூங்காவுக்குள் எதைக் கொண்டுபோவது

ட்ரெய்லரைத் தேசிய பூங்காவுக்குள் இழுக்க நினைக்கவே வேண்டாம். வில்பத்துவின் பாதைகள் மணலும் செம்மண்ணும். எதிரே யானை வந்தால் பின்னுக்கு எடுத்தே தப்ப வேண்டிய ஒற்றைத் தடங்கள். உங்களுக்கு இருக்கிற வழி இரண்டு.

ஒன்று, பூங்காவுக்குள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கூடாரத் தளத்தில் தங்குவது. அதற்கு முன்கூட்டியே திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும், வாசலுக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. தளம் என்றால் மரநிழலும் வெறுந்தரையும்தான். தண்ணீர், விளக்கு, விறகு எல்லாம் உங்கள் பொறுப்பு. நாலு சில்லும் இழுக்கிற ஜீப் தேவை, ட்ரெய்லரை வெளியே விட்டுச் செல்ல இடமும் தேவை.

மற்றது, ஹுனுவில்கம வாசலுக்கு வெளியே உள்ள தனியார் தங்குமிட வளவில் ட்ரெய்லரை நிறுத்தி, அங்கிருந்து வாடகை ஜீப்பில் உள்ளே போய் வருவது. முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. தொலைபேசியில் பதிவு செய்யும்போது நாலு விடயம் கேளுங்கள். படலை எத்தனை அடி அகலம்? உள்ளே ட்ரெய்லரோடு திரும்ப இடமிருக்கிறதா? மின்கம்பி தாழத் தொங்குகிறதா? வளவைச் சுற்றி யானை மின்வேலி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

பூங்கா காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார், குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. வில்பத்துவின் அழகே வில்லுகள்தான், மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைத் தடாகங்கள். மே முதல் செப்ரெம்பர் வரை வறட்சியில் மற்ற நீர்நிலைகள் வற்ற, விலங்குகள் எஞ்சிய தண்ணீரைத் தேடி வரும். சிறுத்தையும் கரடியும் அப்போது கண்ணில் படுவது கூட. ஆனால் அவசரக்காரருக்கு இது சரிவராது. யாலவைப்போல ஒரு திருப்பத்துக்கு ஒரு விலங்கு கிடைக்கும் காடு அல்ல.

ஒக்ரோபருக்குப் பிறகு வாடைக்காற்று மழை தொடங்கும், மண் தடங்கள் சேறாகும். பொசொன் கிழமையில் அநுராதபுரம் வழியாக ட்ரெய்லர் இழுப்பதும், எசல பெரஹராவின்போது கண்டிக்குள் நுழைவதும் தலைவலி. திகதி குறிக்குமுன் பௌர்ணமி நாட்காட்டியைப் பாருங்கள்.

முகாம்

ட்ரெய்லரின் முன்முகம் வெளியேறும் வழியைப் பார்க்க நிற்கட்டும். கூடாரத்தை யானைத்தடத்தில் விரிக்காதீர்கள். புல் படுத்து, உருண்டை உருண்டையாகப் பழைய சாணம் கிடந்தால் அது தடம். குளக்கரையிலிருந்தும் விலகியிருங்கள். காய்ந்த கிளையுள்ள மரத்தின் கீழ் வேண்டாம், ஜூன் ஜூலை கச்சான் காற்றுக்கு முறிந்து விழும். படங்கை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள். நாலு மூலையும் ஒரே உயரத்தில் கட்டினால் மழைநீர் நடுவில் குளமாகித் தண்டை முறிக்கும்.

யானைக்கு மணம்தான் வழிகாட்டி. வாழைப்பழம், மாம்பழம், அன்னாசி, கரும்பு எதையும் கொண்டுபோகாதீர்கள். அரிசி, உப்பு, மா எல்லாம் மூடி இறுகிய பிளாஸ்ரிக் வாளியில் அடைத்து ட்ரெய்லரின் இரும்புப் பெட்டிக்குள் போகட்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கற் பைக்கற்றும் இருக்கக்கூடாது. வீதியோரம் நிற்கிற யானைக்குப் பழம் கொடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஜன்னலை இறக்காதீர்கள். அந்தப் பழக்கம்தான் யானையை வாகனங்களை மறிக்க வைக்கிறது. இரவில் யானை வளவுக்கு வந்துவிட்டால் ரோர்ச்சை முகத்துக்கு அடிக்காமல், சத்தம் போடாமல், வாகனத்துக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள்.

யானையைவிட நிச்சயமான ஆபத்து தரையில் படுப்பது. நாகப்பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்த கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடி நோவதில்லை, அதனால் விடியும்வரை தெரியாமலே போகும். அடி தைத்த, சிப் முழுவதும் மூடும் கூடாரமோ, நிலத்திலிருந்து உயர்ந்த கட்டிலோ இல்லாமல் உலர்வலயத்தில் படுக்காதீர்கள். சப்பாத்தைக் காலையில் உதறிப் போடுங்கள். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்காமல், கீறாமல், ஆளை அசையவிடாமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ட்ரெய்லர் நிற்கட்டும். புல்லில் நடந்தால் இரவில் உண்ணி இருக்கிறதா என்று உடம்பைத் தடவிப் பாருங்கள்.

தண்ணீர், சமையல், மின்சாரம்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு ஐந்து லீற்றர், கைகால் கழுவ மூன்று. நாலு பேர் மூன்று நாளென்றால் 96 லீற்றர், 96 கிலோ. ஒரே பெரிய தாங்கியில் ஊற்றாமல் 20 லீற்றர் கான்கள் ஐந்தில் பிரியுங்கள். ஒன்று வெடித்தால் மற்றவை மிஞ்சும், பாரத்தையும் நகர்த்தலாம். அநுராதபுர மாவட்டக் கிணற்றுநீரைக் குளிக்க எடுங்கள், குடிக்க வேண்டாம். அதிலுள்ள புளோரைட் கொதிக்கவைத்துப் போகாது, கடினத்தன்மையும் முழுதாகப் போகாது.

அடுப்புக்கு 2.3 கிலோ சிறிய கேஸ் சிலிண்டர் தாராளம். நிமிர்த்தி, வெளிப்பெட்டியில், காற்றோட்டத்தோடு கட்டுங்கள். முதல் இரண்டு நாள் கறியை வீட்டிலேயே சமைத்து, இறுக மூடிய பெட்டியில் உறைய வைத்தால் அதுவே ஐஸாக வேலை செய்யும். பிறகு பருப்பு, டின்மீன், முட்டை, பாண், சீனிச்சம்பல். தேங்காய்க்குப் பதில் தேங்காய்ப்பால் மா. கருவாடு பொரிக்கிற ஆசையைக் கொழும்பில் தீர்த்துவிட்டு வாருங்கள்.

குளிர்பெட்டி பூட்டுபவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். 40 லீற்றர் பெட்டி ஓடும்போது 3, 4 அம்பியர் இழுக்கும். இந்த வெயிலில் பாதி நேரம் ஓடினாலும் நாளுக்கு 40 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி சாதாரண பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் போகும். ஆக ஒரு நாள். 120 வாற் சூரியத்தகடு நல்ல வெயிலில் 30, 35 தரும், ஆனால் நீங்கள் ட்ரெய்லரை நிழலில்தானே நிறுத்துவீர்கள். தகட்டுக்கு நீண்ட வயர் போட்டு வெயிலில் தனியே வையுங்கள், அல்லது ஐஸ்பெட்டியோடு நிம்மதியாக இருங்கள்.

வஸ்கமுவவும் திரும்பும் வழியும்

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். அநுராதபுரம், ஏ9 வழியாகத் தம்புள்ளை. அங்கே எரிபொருளை நிரப்பி, நாவுல, எலஹெர பக்கமாக வஸ்கமுவ. முந்தின நாளே தங்குமிடத்துக்காரரிடம் வீதி நிலையைக் கேட்டுவிடுங்கள். மொத்தம் ஆறு மணி நேரம் வையுங்கள். பின்பாதி யானை நடமாட்டமுள்ள பகுதி. இங்கும் அதே ஒழுங்குதான்: ட்ரெய்லர் வெளியே, ஜீப் உள்ளே.

ஐந்தாம் நாள் ஹெட்டிபொலவிலிருந்து ஹசலக்க. வளைவுகளுக்குக் கீழேயே நிறுத்தித் தண்ணீர்க் கான்களை வெறுமையாக்கினால் 100 கிலோ வரை குறையும். ஏசியை நிறுத்துங்கள், இரண்டாம் கியரில் ஒரே சீராக ஏறுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஹோர்ன். ட்ரெய்லர் உங்கள் தடத்தில் வராது, உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். வாகனத்தை வெளிப்பக்கமாக அகட்டி எடுக்காவிட்டால் அதன் சில்லு வீதியோர வடிகானுக்குள் இறங்கும். மேலேயிருந்து பஸ் வந்தால் வளைவுக்கு முன்னாலேயே நின்று விட்டுக்கொடுங்கள்.

கண்டிக்குப் பிறகு கடுகண்ணாவை இறக்கம் ஒன்று மிச்சம். இறங்கத் தொடங்குமுன்னே கியரைக் குறையுங்கள், ஓட்டோ கியரென்றால் ‘எல்’ அல்லது ‘2’. பிறேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். கருகிய மணம் வந்தாலோ மிதி பஞ்சுபோல இறங்கினாலோ ஓரங்கட்டி அரைமணி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிப்போகும்.

வீட்டுக்கு வந்ததும் களைப்பில் ட்ரெய்லரை மூடி நிறுத்திவிடாதீர்கள். மறுநாளே கூடாரத்தை மொட்டைமாடியில் விரித்துக் காயவையுங்கள், தையல் மடிப்பைத் தனியாகப் புரட்டி. கொழும்பின் ஈரத்தில் மடித்து வைத்த துணி ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறுப்பு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.